'35 லட்சம் மனித நாள் வேலை!' - ரயில் பாதை வந்தால் நம்ம ஊருக்கு எத்தனை வேலை கிடைக்கும்?

சென்னையிலிருந்து ஈசிஆரில் பஸ்ஸில் போனால், மரக்காணம் நெருங்கும்போது இரண்டு பக்கமும் வெள்ளை வெளேர்னு உப்பளங்கள். அதைத் தாண்டிப் புதுச்சேரி பக்கம் போனால் கீழ்புத்துப்பட்டு. மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயில், அதைச் சுற்றியுள்ள கோயில் காடு, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று இந்த ஊருக்குச் சில அடையாளங்கள் உண்டு. இல்லாதது ஒன்று: ரயில். இங்கிருந்து ரயில் ஏற வேண்டுமானால் புதுச்சேரிக்கோ திண்டிவனத்துக்கோதான் போகணும்.

இத்தனைக்கும் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 1879-லேயே ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. கடற்கரையோரமாக, சென்னை பெருங்குடியிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூர் வரை சுமார் 180 கி.மீ. நீளத்துக்குப் புதிய பாதை என்ற திட்டம் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பேச்சில் இருக்கிறது. ஒவ்வொரு பட்ஜெட்டின்போதும் இந்தப் பெயர் வரும், அப்புறம் மறந்துபோகும். தமிழகத்தின் பல புதிய பாதைத் திட்டங்களுக்குச் சில ஆண்டுகளில் வெறும் 1,000 ரூபாய் மட்டும் ஒதுக்கப்பட்டு, அது மீம் ஆனதும் நமக்கு நினைவிருக்கும்.

ரயில் எப்போது வரும் என்பது ஒரு கேள்வி. அதே அளவுக்கு முக்கியமான இன்னொரு கேள்வி, பாதை போடும்போது யாருக்கு வேலை கிடைக்கும் என்பது. 'இத்தனை லட்சம் பேருக்கு வேலை' என்று ஃபார்வர்டு மெசேஜ் வரும்போது அதை எப்படிப் படிக்கணும்? பார்க்கலாம்.

'மனித நாள்' என்றால் என்ன?

ஒரு ஆள் ஒரு நாள் செய்யும் வேலைதான் ஒரு மனித நாள். 10 பேர் 10 நாள் வேலை செய்தால் 100 மனித நாள். ஒரே ஆள் 100 நாள் வேலை செய்தாலும் அதே 100 மனித நாள்தான். ரயில்வே திட்டங்களுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தரும்போது வெளியாகும் அறிவிப்பில் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் இருக்கும்.

நமக்குப் பக்கத்து உதாரணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். திருப்பதி - பாகாலா - காட்பாடி இரட்டைப் பாதைத் திட்டம். 2025 ஏப்ரல் 9-ம் தேதி மத்திய அமைச்சரவை இதற்கு ஒப்புதல் அளித்தது. நீளம் 104 கி.மீ., செலவு 1,332 கோடி ரூபாய். கட்டுமானக் காலத்தில் சுமார் 35 லட்சம் மனித நாள் நேரடி வேலை உருவாகும் என்று சொல்லப்பட்டது.

'35 லட்சம்' என்று பார்த்ததும் '35 லட்சம் பேருக்கு வேலை' என்று மனசு படித்துவிடும். பல ஸ்டேட்டஸ்களில் அப்படித்தான் போகிறது. ஆனால் அது தப்பு. கால்குலேட்டரை எடுங்கள்.

ஒரு தொழிலாளி வருஷத்தில் 300 நாள் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொண்டால், 35 லட்சத்தை 300-ஆல் வகுக்கணும். சுமார் 11,700 வரும். அதாவது, 11,700 பேருக்கு ஒரு வருஷ வேலை. கட்டுமானம் நான்கு ஆண்டுகள் நடந்தால், ஒரு நாளைக்குச் சராசரியாக 2,900 பேர். 104 கி.மீ.க்குப் பிரித்துப் பார்த்தால் கிலோமீட்டருக்கு 28 பேர்.

சின்ன எண்ணிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. கிராமத்துப் பக்கம் ஒரு கிலோமீட்டருக்கு 28 பேருக்கு நான்கு வருஷம் தொடர்ந்து வேலை என்றால் அது பெரிய விஷயம்தான். ஆனால் '35 லட்சம்' என்ற சொல் தரும் பிரமிப்பு வேறு, இந்த 28 வேறு.

இதை மரக்காணம் கரைக்குப் போட்டுப் பார்த்தால்?

இது நம்முடைய கணக்கு மட்டுமே, அரசு சொன்ன கணக்கு இல்லை. காட்பாடி பாதையில் ஒரு கி.மீ.க்குச் சுமார் 33,600 மனித நாள் வருகிறது. மரக்காணம், கீழ்புத்துப்பட்டு பக்கம் ஒரு 20 கி.மீ. நீளத்தை எடுத்துக்கொண்டால் 6.7 லட்சம் மனித நாள். நான்கு ஆண்டுகளுக்குப் பிரித்தால் தினமும் சுமார் 560 பேர்.

இருக்கிற பாதைக்குப் பக்கத்தில் இன்னொரு பாதை போடுவதும், உவர்நிலத்தில் புதிதாக மண் கொட்டி, பாலம் கட்டிப் பாதை போடுவதும் ஒன்றல்ல. அதனால் இந்த எண் கூடலாம், குறையலாம். ஆனாலும் பேச்சை எங்கே தொடங்கணும் என்று இது காட்டுகிறது. லட்சக்கணக்கு இல்லை, நூற்றுக்கணக்கு. அந்த 560 பேரில் உள்ளூர்க்காரர்கள் எத்தனை பேர்? காட்பாடி அறிவிப்பில் அப்படி ஒரு பிரிவு கிடையாது. மொத்த எண் மட்டும்தான்.

1,332 கோடியில் கூலிக்கு எவ்வளவு?

1,332 கோடியை 35 லட்சத்தால் வகுத்தால், ஒரு மனித நாளுக்கு 3,800 ரூபாய் வருகிறது. 'அடேங்கப்பா, நாள் கூலி 3,800-ஆ?' என்று கேட்காதீர்கள். தண்டவாளம், ஸ்லீப்பர் கட்டை, ஜல்லி, சிமென்ட், கம்பி, மின்கம்பி, சிக்னல், டீசல், வண்டி வாடகை, நிலத்தின் விலை எல்லாம் அதில்தான் அடக்கம். நாள் கூலி 700 ரூபாய் என்று வைத்துப் பார்த்தாலும், மொத்தச் செலவில் ஐந்தில் ஒரு பங்குகூட கூலிக்குப் போகாது.

மிச்சப் பணமும் எங்கேயோ வேலையை உருவாக்கத்தான் செய்கிறது. எஃகு ஆலையில், சிமென்ட் ஆலையில், சிக்னல் கருவி தயாரிக்கும் கம்பெனியில். அது மறைமுக வேலை. ஆனால் அந்த வேலை பாதை போகிற ஊரில் இருக்காது.

இந்தக் கரை ஏற்கெனவே பார்த்த ஒரு 'வேலைவாய்ப்புத் திட்டம்'

மரக்காணத்துக்கு இது புதுக் கதை இல்லை. பக்கிங்காம் கால்வாயின் தெற்கு முனை மரக்காணம்தான். உப்பு, விறகு எல்லாம் படகில் சென்னைக்குப் போன நீர்வழி அது. 1876-78 பெரும் பஞ்சத்தின்போது, நிவாரண வேலையாகச் சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் சுமார் 8 கி.மீ. கால்வாய் வெட்டப்பட்டது. பசியோடு வந்தவர்கள் மண் வெட்டிச் சுமந்தார்கள். அப்போதைய சென்னை கவர்னர் பக்கிங்காம் கோமகனின் பெயரே கால்வாய்க்கு வந்தது.

அந்த வேலைக்கு என்ன கூலி? 1877 ஜனவரியில் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி, பஞ்ச நிவாரண முகாம்களில் ஒரு ஆணின் நாள் கூலியைச் சுமார் 450 கிராம் தானியமும் ஓர் அணாவும் என்று குறைத்தார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அதைவிடக் குறைவு. இது போதாது, ஆட்கள் செத்துப்போவார்கள் என்று மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். பின்னர் கூலி ஓரளவு உயர்த்தப்பட்டது.

இதை ஏன் இப்போது சொல்கிறோம்? பொதுப்பணியில் எத்தனை பேருக்கு வேலை என்பது பாதிக் கேள்விதான். என்ன கூலி, யார் தருகிறார், தராவிட்டால் யாரிடம் கேட்பது என்பது மீதிப் பாதி. 1877-ல் இருந்தது போலவே இன்றும் அந்த இரண்டாவது பாதியில்தான் விஷயம் இருக்கிறது.

அப்போ சட்டி, இப்போ ஜேசிபி

அன்றைக்கும் இன்றைக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. அன்று மண் வேலைக்கு ஆயிரக்கணக்கான ஆட்கள் தேவை. இன்று அதே மண்கரையை சில பொக்லைன்கள், டிப்பர்கள், ரோலர்கள் சேர்ந்து போட்டுவிடும். கான்கிரீட் ஸ்லீப்பர் ஆலையில் தயாராகி லாரியில் வருகிறது. தண்டவாளம் பதிக்கவும், ஜல்லியை இறுக்கவும் தனித்தனி இயந்திரங்கள்.

பாம்பன் புதிய பாலம் நல்ல உதாரணம். 2019-ல் அடிக்கல், 2025 ஏப்ரல் 6-ல் திறப்பு. 2.08 கி.மீ. நீளம். நடுவில் 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே செங்குத்தாக மேலே தூக்கும். அந்த மாதிரி வேலைக்கு நூறு சித்தாளை விட ஒரு நல்ல வெல்டர் முக்கியம்.

இதில்தான் உப்பளக் கரைக்கு ஒரு சிக்கல். உப்பளத்தில் பாத்தி மிதித்து, உப்பு வாரி, தலைச்சுமையாகக் கொண்டுபோய்க் கொட்டுகிறவர்களில் பெண்கள் அதிகம். வெயில் காலம் முழுக்க வேலை. அக்டோபரில் மழை தொடங்கினால் பாத்தியில் தண்ணீர் ஏறிவிடும், ஜனவரி வரை வேலை இருக்காது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் இந்தப் பக்கம் கரை கடந்தபோது நடந்தது போல, சில வருஷம் இழப்பு இன்னும் அதிகம். மழைக்காலத்துக்குத் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. மூன்று மாதத்துக்கு 5,000.

இந்த மூன்று மாத இடைவெளியை ரயில் வேலை நிரப்புமா? ஆசைப்படத் தோன்றும். ஆனால் மழையில் மண் வேலையும் நின்றுவிடும். உப்பளம் சும்மா இருக்கிற அதே மாதங்களில்தான் மண்கரை வேலையும் சும்மா இருக்கும். அதோடு, இந்த அக்காக்களுக்குத் தெரிந்த சுமை வேலையை இயந்திரம் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது.

அப்போ என்னென்ன வேலை மிஞ்சும்?

கட்டம் கட்டமாகப் பார்க்கலாம்.

சர்வே, நில எடுப்பு: சர்வேயர், அவருக்கு உதவியாளர்கள். ஆட்கள் குறைவு, நாட்களும் குறைவு.

மண்கரை: பொக்லைன் ஆபரேட்டர், டிப்பர் டிரைவர், மண் இறுக்கத்தைச் சோதிக்கும் லேப் ஆட்கள். இங்கே ஐடிஐ, டிப்ளமோ சிவில் படித்த உள்ளூர்ப் பசங்களுக்கு வாய்ப்பு உண்டு.

பாலங்கள்: இந்தக் கரையில் கழுவேலி ஏரி, ஓடைகள், உப்பங்கழி என்று தண்ணீர் அதிகம். அதனால் கம்பி கட்டுபவர், சென்ட்ரிங் ஆள், கொத்தனார், வெல்டர், சித்தாள் எல்லோரும் வேணும். ஆள் எண்ணிக்கை அதிகமாக இருக்கும் கட்டம் இதுதான். கட்டட வேலைக்கும் பெயின்டிங் வேலைக்கும் ஏற்கெனவே போய்வருகிறவர்களால் இதில் நுழைய முடியும்.

தண்டவாளம், மின்மயம், சிக்னல்: பெரும்பாலும் வெளியூரிலிருந்து வரும் அனுபவமுள்ள குழுக்கள்.

இதைச் சுற்றி நடப்பவை: மெஸ், வாடகை வீடு, டீக்கடை, வாட்ச்மேன், வண்டி வாடகை. எந்த அறிவிப்பிலும் தனியாக வராத, ஆனால் உள்ளூரில் நேரடியாகக் காசு புரளும் இடம் இது.

சென்னை மெட்ரோவின் 118.9 கி.மீ. இரண்டாம் கட்டப் பணி நடக்கும் இடங்களில் நின்று பாருங்கள். இந்தி, வங்காளி, ஒடியா எல்லாம் காதில் விழும். பெரிய ஒப்பந்ததாரர்கள் ஒரு பிராஜெக்ட் முடிந்ததும் அதே குழுவை அடுத்த பிராஜெக்டுக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். பழகிய குழு, சைட்டிலேயே தங்கும், ஓவர்டைம் செய்யும். இதில் வெளியூர்த் தொழிலாளி மேல் கோபப்பட ஒன்றுமில்லை. அவரும் நம்மைப் போலத்தான், ஊரில் வேலை இல்லாமல் வந்தவர்.

2020 கொரோனா நேரத்தில் ஊர் திரும்பிய தொழிலாளர்களுக்காக, பிஹார், உத்தரப்பிரதேசம், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், ஜார்க்கண்ட், ஒடிசா ஆகிய 6 மாநிலங்களில் 125 நாள் வேலைத் திட்டம் ஒன்று நடந்தது. ரயில்வே தன் பங்காக 8 லட்சம் மனித நாள் வேலை தருவதாகச் சொன்னது. வகுத்துப் பார்த்தால் நாளைக்கு 6,400 பேர், ஆறு மாநிலத்துக்கும் சேர்த்து.

கூலி எவ்வளவு வரணும்?

ரயில்வே மத்திய அரசின் கீழ் வருவதால், ரயில்வே ஒப்பந்த வேலைக்கு மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி பொருந்தும். 2024 அக்டோபர் 1 முதல் கட்டுமான வேலைக்கு 'ஏ' பிரிவு நகரங்களில் நாளொன்றுக்கு திறன் தேவைப்படாத வேலைக்கு 783 ரூபாய், ஓரளவு திறன் வேலைக்கு 868, திறன் வேலைக்கு 954 என்று அறிவிக்கப்பட்டது. பஞ்சப்படியை ஒட்டி இது அவ்வப்போது மாறும். செய்தியில் பெரிதாக வருவது இந்த 'ஏ' பிரிவு எண்தான். கிராமப் பகுதிகள் வரும் 'சி' பிரிவுக்குத் தொகை கணிசமாகக் குறைவு. அதனால் '783 தரலையே' என்று சண்டைக்குப் போகும் முன் உங்கள் ஊர் எந்தப் பிரிவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு எண்: 2025-26-ல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட கூலி 336 ரூபாய்.

கூலி உண்மையிலேயே கைக்கு வந்ததா என்று பார்க்க ரயில்வேயில் ஒரு வழி இருக்கிறது. 2018 அக்டோபரில் தொடங்கிய 'ஷ்ராமிக் கல்யாண்' போர்ட்டல். ஒப்பந்ததாரர் தன்னிடம் யார் யார் எத்தனை நாள் வேலை செய்தார்கள், எவ்வளவு கூலி போட்டார் என்று இதில் ஏற்றணும். 2021 மார்ச் வரை 3.8 லட்சம் ஒப்பந்தத் தொழிலாளர்கள் இதில் பதிவாகியிருந்தார்கள். 6 கோடிக்கும் அதிகமான மனித நாள், 3,495 கோடி ரூபாய் கூலி. சராசரியாக ஒரு நாளுக்கு 580 ரூபாய் பக்கம். துப்புரவு போன்ற ஒப்பந்த வேலைகளும் இதில் அடக்கம்.

அறிவிப்பில் வரும் மனித நாள் ஒரு மதிப்பீடு. போர்ட்டலில் இருப்பது நடந்த வேலையின் பதிவு. உங்கள் பெயர் அதில் ஏறினால்தான் நீங்கள் அந்தக் கணக்கில் இருக்கிறீர்கள். மேஸ்திரியிடம் கையில் காசு வாங்கிக்கொண்டு போனால், வேலை செய்திருப்பீர்கள், ஆனால் பதிவில் இருக்க மாட்டீர்கள்.

'ரயில்வே வேலை'யும் 'ரயில் பாதை வேலை'யும் ஒண்ணா?

இல்லவே இல்லை. இந்தக் குழப்பத்தில்தான் பல பேர் ஏமாறுகிறார்கள்.

பாதை போடும் வேலை ஒப்பந்ததாரருடையது. பாதை முடிந்ததும் அந்த வேலையும் முடிந்தது. நிரந்தர ரயில்வே வேலை பெரும்பாலும் ரயில்வே தேர்வு வாரியம் வழியாக, தேர்வு எழுதித்தான். உதாரணமாக, 2025 ஜனவரியில் தண்டவாளப் பராமரிப்பாளர் உள்ளிட்ட 'லெவல் 1' பணிகளுக்கு நாடு முழுக்க 32,438 இடங்கள் அறிவிக்கப்பட்டன. 'சைட்ல ரெண்டு வருஷம் வேலை பாரு, பர்மனென்ட் ஆக்கிடுவாங்க, கொஞ்சம் பணம் கட்டணும்' என்று யாராவது சொன்னால், அங்கேயே திரும்பி வந்துவிடுங்கள்.

18 முதல் 35 வயது வரையுள்ள, பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு ரயில்வே இலவசமாகத் தரும் 'ரயில் கௌஷல் விகாஸ் யோஜனா' பயிற்சி 2021-ல் தொடங்கியது. வெல்டர், ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் போன்ற பிரிவுகள் உண்டு. இது வேலைக்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் பாலம் கட்டும் கட்டத்தில் தேவைப்படும் கைத்தொழில் இதுதான்.

நிலம் இல்லாதவர்களுக்கு என்ன?

பாதைக்கு நிலம் எடுத்தால் பட்டாதாரருக்கு இழப்பீடு வரும். அந்த நிலத்தில் கூலிக்கு உப்பு வாரிய பெண்ணுக்கு?

2013 நில எடுப்புச் சட்டத்தில் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்பதற்கு நிலச் சொந்தக்காரர் மட்டும் அர்த்தம் இல்லை. நிலம் எடுப்பதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள் அந்தப் பகுதியில் வேலை செய்து, முக்கிய வாழ்வாதாரத்தை இழக்கிறவர்களும் அதில் வருவார்கள். அதே சட்டத்தின் இரண்டாவது அட்டவணை மூன்று வழிகளைச் சொல்கிறது: குடும்பத்தில் ஒருவருக்கு வேலை, அல்லது ஒரே தவணையாக 5 லட்சம் ரூபாய், அல்லது 20 ஆண்டுகளுக்கு மாதம் 2,000 ரூபாய்.

ஆனால் 'மூன்று ஆண்டுகள் வேலை செய்தேன்' என்று எதை வைத்து நிரூபிப்பது? உப்பளக் கூலிக்கு ரசீது கிடையாது. நலவாரிய அட்டை, மழைக்கால நிவாரணம் வாங்கிய வங்கிப் பதிவு போன்றவைதான் கையில் இருக்கும் ஆதாரம். அந்த 5,000 ரூபாயின் பதிவு, நாளைக்கு 5 லட்சத்துக்கான சான்றாக உதவக்கூடும். பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்போதே செய்யக்கூடியது என்ன?

ரயில் வர இன்னும் காலம் இருக்கிறது. அந்தக் காலத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

1. கட்டட வேலை செய்கிறவர்கள் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்யணும். வயது 18 முதல் 60. முந்தைய 12 மாதத்தில் 90 நாள் வேலை செய்திருக்கணும். கட்டுமானச் செலவில் வசூலாகும் 1% நலவரிப் பணம் இந்த வாரியத்துக்குத்தான் போகிறது.

2. வேலையில் சேர்ந்தால் அடையாள அட்டை, வங்கிக் கணக்கில் கூலி, போர்ட்டலில் பெயர் - மூன்றையும் முதல் வாரமே கேளுங்கள். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலில் உள்ளன. அதிலும், ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி உண்டு. ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் வேலையைக் கொடுத்த முதன்மை நிறுவனம் தர வேண்டும்.

3. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராமசபை நடக்கிறது. திட்டம் நகரத் தொடங்கியதும், 'எங்க ஊர் ஆட்கள் எத்தனை பேரை எடுப்பீங்க, பெண்களுக்கு என்ன வேலை, பயிற்சி எப்போ?' என்ற மூன்று கேள்வியையும் தீர்மானமாகப் போடலாம். பாலம் கட்ட ஆரம்பித்த பிறகு வெல்டிங் கற்றுக்கொள்ளப் போனால் லேட்.

அடுத்த முறை '... லட்சம் மனித நாள் வேலைவாய்ப்பு' என்று நோட்டிஃபிகேஷன் வந்தால், முதலில் 300-ஆல் வகுங்கள். அப்புறம் எத்தனை வருஷம் என்று பார்த்து அதாலும் வகுங்கள். கடைசியாக வரும் அந்தச் சின்ன எண்ணில், உப்பளத்தில் நிற்கும் அக்காவுக்கு ஓர் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள்.